ஏழு வெள்ளை வடிவங்களும் ஒரு விளக்கும்: நிழலிடப் பழகுவோருக்கான பிளாஸ்டர் தொகுப்பு, எட்டு மாதப் பயன்பாட்டுக்குப் பிறகு

ஓவியம் பழகத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆன பிறகும் நான் வரைந்த கோளங்கள் தட்டையாகவே இருந்தன. விளிம்பில் அழுத்தித் தீட்டி, உள்ளே வர வர அழுத்தத்தைக் குறைத்து, நடுவில் ஒரு வெள்ளைப் புள்ளியை விட்டு, விரலால் தேய்த்து மென்மையாக்கினால் உருண்டை வந்துவிடும் என்றே பழகியிருந்தேன். அப்படி வரைந்தது ஓரம் கறுத்த வட்டத் தட்டைப் போலத்தான் தாளில் கிடந்தது. ஒளி எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்று யாராவது கேட்டால், அந்தப் படத்தில் அதற்குப் பதில் இருக்காது. புகைப்படங்களைப் பார்த்து வரைந்தபோதும் குறை நீங்கவில்லை. புகைப்படத்தில் நிழல்கள் பெரும்பாலும் ஒரே கறுப்பாகச் சுருங்கியிருக்கும், வெளிச்சம் ஒரே வெள்ளையாக வெளிறியிருக்கும். இடையில் நடப்பதைக் கண் தேடினாலும் அது அங்கே இருக்காது. பொருளை நேரில் வைத்து, ஒற்றை விளக்கின் கீழ் வரைந்து பார்ப்பதென்று முடிவு செய்த பிறகுதான் இந்தத் தொகுப்பை வாங்கினேன். எட்டு மாதங்களாக ஏறக்குறைய அன்றாடம் பயன்படுத்திவிட்டு இதை எழுதுகிறேன்.

பெட்டிக்குள் கோளம், கனசதுரம், உருளை, கூம்பு, சதுர அடி கொண்ட பிரமிடு, அறுகோணப் பட்டகம், முட்டை என ஏழு வெள்ளை வடிவங்கள் இருந்தன. எல்லாம் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸில் வார்க்கப்பட்டு, பளபளப்பில்லாத வெள்ளைப் பூச்சு பூசப்பட்டவை. கோளம் 10 செ.மீ. குறுக்களவு உடையது, கூம்பு 14 செ.மீ. உயரம், அடி 8 செ.மீ. அகலம். இவற்றுடன் மேசை விளிம்பில் கவ்விப் பிடிக்கும் ஒரு சிறிய எல்.இ.டி. விளக்கும், கறுப்பும் வெள்ளையுமாக இரண்டு கனத்த அட்டைகளும், நிழலிடும் முறையை விளக்கும் ஒரு சிறு கையேடும் இருந்தன. வடிவங்கள் நன்று, விளக்கு தவறு, கையேடு பாதி சரி என்பது என் தீர்ப்பு. அட்டைகளைப் பெட்டிக்குக் கீழே தற்செயலாகக் கிடந்தவை போல எண்ணி ஒதுக்கி வைத்திருந்தேன்; பின்னர் அவைதான் எனக்கு மிக அதிகம் கற்றுத்தந்தன.

கோளத்திலிருந்து தொடங்குகிறேன். இந்தத் தொகுப்பின் மதிப்பில் பாதி அதில்தான் இருக்கிறது. அறை விளக்கை அணைத்து, ஒற்றை ஒளியை இடப்புறம் சற்று மேலிருந்து விழச் செய்து கோளத்தைப் பார்த்தால், அதன் மேல் ஒளி முடிந்து நிழல் தொடங்கும் ஓர் எல்லை தெரியும். அந்த எல்லை கோளத்தைச் சரிபாதியாகச் சுற்றி வரும் ஒரு வட்டம். நாம் அதைச் சாய்வாகப் பார்ப்பதால் வளைந்த நீள்வட்டத்தின் ஒரு பாதியாகத் தோன்றுகிறது. நிழலிடுதலில் முதலில் வரைய வேண்டிய கோடு இந்த எல்லைதான் என்பதும், புறவடிவத்துக்கு அடுத்தபடி தாளில் விழ வேண்டியது இதுதான் என்பதும் எனக்குப் புரிவதற்கு ஒரு மாதம் பிடித்தது. எல்லையை மெல்லிய கோடாகப் போட்டுவிட்டு, அதற்கு அப்பாலுள்ள பகுதி முழுவதையும் ஒரே இளஞ்சாம்பல் நிறத்தில் நிரப்பினாலே, இன்னும் ஒரு சாயல்கூடச் சேர்க்காத நிலையில், தட்டு எழுந்து உருண்டையாக நிற்கிறது. தேய்த்து மென்மையாக்குவதால் வரும் என்று நான் நம்பியிருந்த திரட்சி, எல்லையைச் சரியான இடத்தில் வைப்பதாலேயே வந்துவிடுகிறது.

இந்த எல்லையைப் படிக்கத் தெரிந்தவர் எவ்வளவு தெரிந்துகொள்ள முடியும் என்பதற்கு நிலவே சான்று. 1609-இல் தொலைநோக்கி வழியாக நிலவைப் பார்த்து வரைந்தவர்களில் ஆங்கில வானியலாளர் தாமஸ் ஹாரியட் சில மாதங்கள் முந்தியவர்; ஆனாலும் ஒளிக்கும் நிழலுக்கும் இடையிலான அந்தக் கோடு ஏன் ஒழுங்கற்று நெளிகிறது என்பதை விளங்கிக்கொண்டு, நிலவில் மலைகளும் பள்ளங்களும் உண்டு என்று 1610-இல் அச்சிட்டுச் சொன்னவர் கலிலியோ. வரையவும் நிழலிடவும் பழகியிருந்த கை அவருடையது. வழுவழுப்பான கோளத்தில் எல்லை சீராக வளைய வேண்டும் என்பது அவருக்குத் தெரிந்திருந்ததால்தான், வளையாத எல்லை அவருக்குச் செய்தியாகத் தெரிந்தது.

ஒளிப்பகுதிக்குள் சாயல் எப்படி இறங்குகிறது என்பது அடுத்த பாடம். ஒளியை நேருக்கு நேர் பார்த்திருக்கும் புள்ளி கோளத்தில் மிக வெளிச்சமான இடம். அங்கிருந்து எல்லை வரை 90 பாகை. பரப்பு ஒளியிலிருந்து எந்த அளவு திரும்பியிருக்கிறதோ அந்தக் கோணத்தின் கொசைன் அளவுக்கே அது ஒளியைப் பெறும் என்று கணித அறிஞர் யோகான் லாம்பர்ட் 1760-இல் எழுதிவைத்த விதியின்படி, முதல் 30 பாகையில் வெளிச்சம் 13 விழுக்காடுதான் குறைகிறது. அடுத்த 30 பாகையில் 37 விழுக்காடு குறைகிறது. எல்லையை ஒட்டிய கடைசி 30 பாகையிலோ மீதி 50 விழுக்காடும் போய்விடுகிறது. அதாவது ஒளிப்பகுதியின் பெரும்பரப்பு ஏறத்தாழ ஒரே வெளிச்சத்தில் இருக்க, எல்லையை நெருங்கும்போது மட்டும் சரசரவென்று இருட்டுகிறது. வெளிச்சம் பாதியாகக் குறைந்தாலும் நம் கண்ணுக்கு அது பாதியாகத் தெரிவதில்லை என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்தச் சரிவு இன்னும் திடீரெனத் தோன்றும். முனை முதல் முனை வரை ஒரே சீராகக் கறுத்துக்கொண்டு போகும் பட்டையை வரைந்து பழகிய நான், அதே பட்டையைக் கோளத்தின் மேலும் சுற்றிவிட்டதுதான் என் பழைய படங்களின் பிழை என்பதை இந்த வெள்ளைப் பந்தின் முன் உட்கார்ந்துதான் கண்டேன். அச்சுப்படத்தில் இதைக் காட்ட முடியும்; ஆனால் விளக்கைக் கையால் மெல்ல நகர்த்தும்போது அந்தச் சரிவும் கூடவே நகர்வதைப் பார்ப்பது வேறு.

இன்னொன்றையும் பந்து ஒளிவுமறைவின்றிச் சொன்னது. பளபளப்பில்லாத பரப்பில் மின்னும் புள்ளி கிடையாது. கண்ணாடிக் குண்டிலும் பளபளக்கும் பழத்திலும் தெரியும் அந்த வெள்ளைப் பொட்டு விளக்கின் பிரதிபிம்பம். பூச்சு வெளுப்பாக, மங்கலாக இருக்கும் பிளாஸ்டரில் விளக்கு பிரதிபலிப்பதே இல்லை. ஆனாலும் இந்தத் தொகுப்பின் கையேடு தன் விளக்கப் படத்தில் கோளத்தின் மேல் கூர்மையான வெள்ளைப் புள்ளியைப் போட்டுக் காட்டுகிறது. பெட்டிக்குள் இருக்கும் பொருளைப் பார்த்து வரையப்பட்ட படமாக அது இருந்திருந்தால் அந்தப் புள்ளி அங்கே வந்திருக்காது. பழகுபவர் கண்ணில் தெரியாததைக் கையேட்டை நம்பித் தாளில் வைக்கத் தொடங்கினால், இந்த வடிவங்களை வாங்கியதன் பயனே போய்விடும் என்பதால் இதை அழுத்திச் சொல்கிறேன்.

கையேட்டின் இரண்டாவது பிழை எதிரொளியைப் பற்றியது. நிழற்பகுதிக்குள் கீழ் விளிம்பை ஒட்டி, மேசையில் பட்டுத் திரும்பிய ஒளி மங்கலாகப் படர்ந்திருக்கும். எல்லையைத் தாண்டியவுடன் வரும் பட்டை விளக்கிலிருந்தும் திரும்பியிருக்கிறது, மேசையையும் நேராகப் பார்க்கவில்லை. ஆகவே பொருளின் மேலேயே இருக்கும் உடல்நிழலில் அதுதான் மிகக் கறுப்பு. அதைத் தாண்டிக் கீழே போகப் போக மேசையின் ஒளி சேர்வதால் நிழல் சற்றே தெளிகிறது. கையேட்டுப் படத்தில் இந்தத் தெளிவை ஏறத்தாழத் தாளின் வெண்மைக்கே கொண்டுபோயிருக்கிறார்கள். கோளத்துக்கு இரண்டு பக்கமும் இரண்டு விளக்குகள் எரிவது போல இருக்கிறது. பார்க்கும்போது எனக்கும் அது அவ்வளவு வெளிச்சமாகத்தான் தோன்றியது. சந்தேகம் தீர, ஒரு சாம்பல் நிறத் தாளில் பென்சில் முனை நுழையும் அளவுக்கு இரண்டு துளைகள் இட்டு, ஒன்றின் வழியே எதிரொளிப் பகுதியும் மற்றொன்றின் வழியே ஒளிப்பகுதியின் நடுப்பகுதியும் தெரியும்படி கண்ணுக்கு எதிரே பிடித்துப் பார்த்தேன். சுற்றுப்புறம் மறைந்து இரண்டு பொட்டுகள் மட்டும் அருகருகே தெரிந்தபோது, வெளிச்சம் என்று நான் நம்பியது ஒளிப்பகுதியின் பக்கத்தில் வைக்க முடியாத அடர்ந்த சாம்பலாக இருந்தது. பக்கத்திலுள்ள கறுப்புப் பட்டைதான் அதை வெளிச்சமாகக் காட்டியிருக்கிறது. பார்வையை ஆராயும் அறிவியலாளர் எட்வர்ட் ஆடெல்சன் 1995-இல் வெளியிட்ட சதுரங்கப் பலகைப் படத்தில், உருளையின் நிழலுக்குள் இருக்கும் 'வெள்ளை'க் கட்டமும் வெளியே இருக்கும் 'கறுப்பு'க் கட்டமும் ஒரே சாம்பல் நிறம் என்பதை அறிந்திருந்தும் கண் ஒப்புக்கொள்ளாதல்லவா, அதே ஏமாற்றம்தான் இங்கும் நடக்கிறது. அன்று முதல் துளையிட்ட அந்தத் தாள் என் வரைபலகையில் நிரந்தரமாக ஒட்டிக்கிடக்கிறது.

அட்டைகளின் பெருமை இந்த இடத்தில்தான் தெரிந்தது. கோளத்தின் கீழ் வெள்ளை அட்டையை வைத்தால் எதிரொளி தெளிவாக எழுகிறது. அதை உருவிவிட்டுக் கறுப்பு அட்டையை நுழைத்தால் எதிரொளி கண்ணெதிரே அணைந்துபோகிறது. விளக்கு அசையவில்லை, கோளம் அசையவில்லை, நிழலின் எல்லையும் இம்மி நகரவில்லை. ஆனால் நிழற்பகுதியின் உள்ளே இருந்த சாயல் முழுவதும் மாறி, கீழ் விளிம்பு பின்னணியின் கறுப்போடு கலந்து காணாமல் போய்விடுகிறது. விளிம்புக்கோட்டை எல்லா இடத்திலும் ஒரே அழுத்தத்தில் இழுக்கக் கூடாது என்று பலரும் சொல்லக் கேட்டிருக்கிறேன். எந்த இடத்தில் அது தானாகவே கரைய வேண்டும் என்பதை அந்த ஓர் அட்டை மாற்றம் காட்டிக்கொடுத்தது. தொகுப்பைத் தயாரித்தவர்கள் இதைக் கையேட்டில் ஒரு வரியாவது எழுதியிருக்கலாம்.

இனிக் குறைகள். கோளம் உருண்டோடாமல் இருக்க அதன் அடியை ஏறத்தாழ 3 செ.மீ. அகலத்துக்குத் தட்டையாக வெட்டியிருக்கிறார்கள். வசதிக்காகச் செய்தது என்றாலும் பாடத்தை அது கெடுக்கிறது. உண்மையான கோளம் தரையை ஒரே புள்ளியில்தான் தொடும். அந்தப் புள்ளியைச் சுற்றி, மேல்நோக்கித் திறந்துகொண்டே போகும் ஓர் ஒடுக்கமான இடுக்கு இருக்கும். விளக்கொளியும் எதிரொளியும் நுழைய முடியாத அந்த இடுக்கில்தான் படத்திலேயே மிக அடர்ந்த கறுப்பு விழும். பொருள் தரையில் உட்கார்ந்திருக்கிறது என்று பார்ப்பவரை நம்பவைப்பது அந்தச் சின்னக் கறுப்புதான். அடி வெட்டப்பட்ட கோளத்தில் இடுக்கு குறுகி, கோளம் மேசையில் பாதி புதைந்தது போலத் தெரிகிறது. நான் செய்த மாற்று எளிது: சிறு வளையம் ஒன்றைத் தாளில் சுருட்டி, கறுப்பு அட்டைக்குப் பின்னால் தெரியாதபடி வைத்து, கோளத்தைப் பக்கவாட்டில் திருப்பி, தட்டைப் பகுதி பின்புறம் வருமாறு நிறுத்திக்கொண்டேன். சில நாள் அது சரிந்து உருண்டது, மேசையிலிருந்து விழவில்லை.

வார்ப்பச்சின் இரண்டு பாதிகள் சேரும் இடத்தில் ஒரு மெல்லிய தையற்கோடு கோளத்தையும் முட்டையையும் சுற்றி ஓடுகிறது. ஒளி நேராக விழும் இடத்தில் அது கண்ணுக்குத் தெரிவதில்லை. எல்லையை ஒட்டி, ஒளி பரப்பைத் தடவிக்கொண்டு போகும் இடத்தில் அரை மி.மீ. மேடுகூட ஒரு வரப்பைப் போல எழுந்து நிற்கிறது. நுண்ணிய உப்புத்தாளால் வட்ட வட்டமாகத் தேய்த்தும், தேய்த்த இடத்தில் பூச்சு போய்ப் பிளாஸ்டரின் நிறம் சற்று மாறித் தெரிந்ததால் வெள்ளை நீர்வண்ணத்தை நீர்க்கக் கரைத்து இருமுறை பூச வேண்டியிருந்தது. கைபட்ட இடங்களில் பூச்சு மெல்ல அழுக்கேறுகிறது. கிராஃபைட் படிந்த விரலோடு வடிவங்களைத் தொடக் கூடாது என்பதை நான் தாமதமாகவே கற்றேன். கனசதுரத்தின் ஒரு மூலை வந்து சேர்ந்தபோதே சற்று உதிர்ந்திருந்தது. பிளாஸ்டருக்கு அது இயல்பு. பிசினில் வார்த்த வடிவங்கள் உதிராது என்றாலும், நான் பார்த்தவற்றில் இலேசான பளபளப்பு இருந்ததால், உதிரும் பிளாஸ்டரையே விரும்புகிறேன்.

விளக்கைப் பற்றி நல்ல சொல் சொல்ல முடியவில்லை. அதில் ஆறு எல்.இ.டி. மணிகள் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. ஆறும் ஆறு விளக்குகள்தாம். உருளையை நிறுத்தி அதன் நிழலைப் பார்த்தபோது, விளிம்பில் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிக்கட்டுப் போல ஆறு ஓரங்கள் தெரிந்தன. கோளத்தின் எல்லையும் அதே காரணத்தால் சிதறி, எங்கே ஒளி முடிகிறது என்று சொல்ல முடியாமல் பரந்துகிடந்தது. ஒளி, நிழல் என்று இரண்டாகப் பிரித்துப் பார்க்கக் கண்ணைப் பழக்குவதற்காகவே விற்கப்படும் தொகுப்பில், அந்தப் பிரிவையே குழப்பும் விளக்கைச் சேர்த்திருப்பது கவனக்குறைவு. வரைபடத்தாளால் அதை மூடிப் பார்த்தேன். படிக்கட்டு மறைந்தது, ஆனால் ஒளி நீண்ட பட்டையாகி, ஒரு திசையில் கூர்மையான நிழலும் மறு திசையில் குழைந்த நிழலும் விழுந்தன. கடைசியில் கூடுள்ள ஒரு சாதாரண மேசை விளக்கில் ஒற்றைக் குண்டு பல்பை மாட்டிக்கொண்டேன். இதை வாங்குபவர் அந்தக் கவ்வி விளக்கைத் தாளுக்கு வெளிச்சம் காட்ட மட்டும் வைத்துக்கொள்வது நல்லது.

விளக்கை எவ்வளவு தொலைவில் வைப்பது என்பதிலும் கவனம் வேண்டும். ஒளி தொலைவின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறைவதால், 30 செ.மீ. தொலைவில் விளக்கை வைத்தால், 10 செ.மீ. அகலமுள்ள பொருளின் மறுகோடி அருகுக்கோடியைவிட 44 விழுக்காடு குறைந்த ஒளியைப் பெறுகிறது. விளக்கை 1 மீட்டர் தள்ளி வைத்தால் அந்த வேறுபாடு ஏறத்தாழ 17 விழுக்காடாகச் சுருங்குகிறது. கனசதுரத்தின் ஒவ்வொரு முகமும் ஒரே சாயலில் இருக்க வேண்டும் என்று படித்துவிட்டு, அருகில் விளக்கை வைத்து வரைந்தால், முகத்துக்குள்ளேயே சாயல் மாறுவதைக் கண்டு குழம்ப நேரிடும். தொடக்கத்தில் விளக்கைத் தள்ளியே வையுங்கள். அறையின் மற்ற ஒளிகளை அடைக்க, ஒரு பக்கம் திறந்த அட்டைப்பெட்டியின் உள்புறத்தைக் கறுப்பாக்கி அதற்குள் வடிவத்தை வைத்தேன். தாளுக்கு வேண்டிய வெளிச்சம் அப்போது பொருளின் மேல் சிந்துவதில்லை.

கூம்பை நான் முதலில் மதிக்கவில்லை. உருளையின் மேல் எல்லை அச்சுக்கு இணையான ஒரு நேர்கோடு. கூம்பின் மேலோ உச்சியிலிருந்து அடிவரை விரிந்து இறங்கும் கோடு. ஆகவே உருளையில் இணையாக ஓடும் சாயற்பட்டைகள் கூம்பில் உச்சியை நோக்கிக் குவிய வேண்டும் என்பதோடு பாடம் முடிந்தது என்று நினைத்திருந்தேன். ஒருநாள் விளக்கை உயர்த்திக்கொண்டே போனபோது, நிழற்பகுதி இரு பக்கமும் ஒடுங்கி, மெலிந்து, ஒரு கட்டத்தில் கூம்பின் மேலிருந்து முற்றிலும் மறைந்துவிட்டது. கூம்பின் சரிவு தரையோடு ஏறத்தாழ 74 பாகை. விளக்கு அதைவிடச் செங்குத்தாகப் போனதும் பின்புறச் சரிவும் ஒளியைப் பார்க்கத் தொடங்கிவிட்டது. அதே நொடியில் மேசையில் விழுந்திருந்த நிழலும் கூம்பின் அடிக்குள் இழுத்துக்கொள்ளப்பட்டது. உடல்நிழல் இல்லையென்றால் விழுநிழலும் இல்லை. இரண்டும் ஒரே எல்லையின் இரண்டு முகங்கள் என்பதை அந்த நொடி போல எந்தப் பாடமும் எனக்குக் காட்டியதில்லை. பொருளின் மேல் ஒட்டிக்கிடக்கும் நிழலையும் அதிலிருந்து பிறந்து வேறிடத்தில் விழும் நிழலையும் லியொனார்டோ தம் குறிப்பேடுகளில் தனித்தனியே பெயரிட்டு எழுதினார். ஒன்றிலிருந்து மற்றொன்று பிறக்கிறது என்ற அந்த உறவுதான் முக்கியம். பொருளின் மேலுள்ள எல்லைக்கோட்டின் ஒவ்வொரு புள்ளியையும் உரசிக்கொண்டு போகும் ஒளிக்கதிர் எங்கே தரையைத் தொடுகிறதோ, அங்கே விழுநிழலின் விளிம்பு இருக்கிறது. இதை அறிந்தபின் விழுநிழலைப் பொருளுக்குப் பக்கத்தில் ஊகமாகத் தீட்டும் பழக்கம் என்னிடமிருந்து போய்விட்டது.

விழுநிழலின் ஓரம் எங்கே கூர்மை, எங்கே குழைவு என்பதையும் இந்த வடிவங்கள் நன்றாகவே காட்டுகின்றன. 6 செ.மீ. அகலமுள்ள பல்பு 60 செ.மீ. தொலைவில் இருக்கும்போது, பொருளின் விளிம்பிலிருந்து 2 செ.மீ. தள்ளி விழும் நிழலின் ஓரம் 2 மி.மீ. அகலத்துக்கே கலங்குகிறது; 20 செ.மீ. தள்ளி விழும் உச்சி நிழலின் ஓரமோ 2 செ.மீ. அகலத்துக்குக் குழைந்துவிடுகிறது. கூம்பின் நிழலைச் சுற்றி ஒரே கூர்மையில் கோடு போட்டு நிரப்பினால், அது தரையில் விழுந்த நிழலாக இல்லாமல் வெட்டி ஒட்டிய கறுப்புத் தாளாகத் தெரிவது இதனால்தான். அடியில் கூர்மையாகத் தொடங்கி உச்சியை நெருங்க நெருங்கக் கரையவிட்டால் நிழல் தரையில் படிந்துகொள்கிறது.

கனசதுரம், பிரமிடு, அறுகோணப் பட்டகம் மூன்றையும் சேர்த்து ஒன்று சொல்லலாம்: தெரியும் முகங்களில் எது மிக வெளிச்சம், எது நடு, எது நிழல் என்று முதலில் தீர்த்துவிட்டால் மீதி தானே வரும். பிரமிடு இல்லாவிட்டாலும் இழப்பில்லை. பட்டகம் மட்டும் உருளைக்குப் போகும் வழியில் ஒரு நல்ல படி. முகங்களாக உடைந்த உருளையைப் போல அதைப் பார்த்து வரைந்த பிறகு, உருளையின் இடைச்சாயல் எங்கே திரும்புகிறது என்பதை எளிதாகப் பிடிக்க முடிந்தது.

முட்டைதான் எனக்கு மிகவும் பிடித்த வடிவம். கோளத்தின் எல்லையைக் கணக்குப்போட்டே ஊகித்துவிடலாம். முட்டையின் எல்லை அப்படிப் பிடிகொடுப்பதில்லை. நிறுத்தி வைத்தால் ஒரு வளைவு, படுக்கவைத்தால் வேறொரு வளைவு, கூர்முனையை விளக்கின் பக்கம் திருப்பினால் இன்னொரு வளைவு. அகன்ற பக்கத்தில் சாயல் பொறுமையாக இறங்குகிறது, கூர்முனையில் பரப்பு வேகமாகத் திரும்புவதால் அதே இறக்கம் சுண்டுவிரல் அகலத்துக்குள் முடிந்துவிடுகிறது. பரப்பு எவ்வளவு வேகமாகத் திரும்புகிறதோ அவ்வளவு வேகமாகச் சாயல் மாற வேண்டும் என்பதை ஒரே பொருளில் இரண்டு முனைகளிலும் பார்க்க முடிகிறது. மூக்கின் நுனியையும் கன்னத்தையும் வரையும்போது கைக்கு வேண்டியது இந்த வேறுபாடுதான். முகத்தை வரையப் போகிறவர் கோளத்தில் ஒரு மாதமும் முட்டையில் இரண்டு மாதமும் செலவிடலாம் என்பேன்.

பென்சில்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். எச்.பி., 2பி, 4பி மூன்றும் போதும். 6பி, 8பி கொண்டு நிழலை இன்னும் கறுப்பாக்கலாம் என்று முயன்றபோது கிராஃபைட் பளபளத்து, பக்கவாட்டிலிருந்து பார்க்கையில் கறுப்பே சாம்பலாக மின்னியது. விளக்கின் கீழுள்ள வெள்ளைப் பிளாஸ்டருக்கும் அதன் இடுக்கிலுள்ள கறுப்புக்கும் இடையிலான தூரம் தாளும் பென்சிலும் எட்டக்கூடிய தூரத்தைவிடப் பெரியது. ஆகவே கண்டதைக் கண்டபடி பிரதி எடுக்க முடியாது. ஒளிக்கு மூன்று, நிழலுக்கு இரண்டு என ஐந்து சாயல்களைத் தாளின் ஓரத்தில் முதலில் தீட்டி வைத்துக்கொண்டு, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, ஒவ்வொரு இடமும் அவற்றில் எதைச் சேரும் என்று முடிவு செய்வதே வழி. ஒளிப்பகுதியின் மிக இருண்ட சாயல்கூட நிழற்பகுதியின் மிக வெளிறிய சாயலைவிட வெளுப்பாக இருக்கட்டும் என்பது தாளில் நான் மீறாத ஒழுங்கு. எல்லையை ஒட்டி அதை நூல் பிடித்தாற்போல் காக்க முடியாது. இருந்தாலும் படத்தின் கட்டுமானத்தைத் தாங்குவது அதுதான். மென்மையாக்க விரலைப் பயன்படுத்துவதை விட்டுவிட்டேன். விரலின் எண்ணெய்ப்பசை தாளில் ஏறினால், பிசையும் ரப்பரால் ஒற்றி எடுக்க முடியாத கறை தங்கிவிடுகிறது.

இந்தத் தொகுப்பு இல்லாமலே பழக முடியுமா என்று கேட்டால், ஓரளவு முடியும். வெள்ளை மேசைப்பந்து, அவித்த முட்டை, வெள்ளைத் தாள் சுற்றிய டப்பா, தாளைச் சுருட்டிய கூம்பு ஆகியவற்றை ஒற்றை பல்பின் கீழ் வைத்தாலே மேலே சொன்னவற்றில் பெரும்பாலானவை தெரியும். மேசைப்பந்து சற்று ஒளி ஊடுருவக்கூடியது என்பதால் அதன் நிழற்பகுதி உள்ளிருந்து மெல்லத் தெளிந்துவிடும். தாள் கூம்பின் மடிப்பு எல்லையைக் குலைக்கும். பிளாஸ்டர் வடிவங்களில் அந்தத் தொல்லைகள் இல்லை. பரப்பு முழுவதும் ஒரே நிறம், ஒரே தன்மை. நிறமும் வடிவமும் ஒன்றையொன்று குழப்பாத பொருளில் முதலில் பழக வேண்டும் என்பதற்காகத்தான் ஐரோப்பிய ஓவியக் கழகங்கள் மாணவர்களை உயிருள்ள மாதிரிக்கு முன் நிறுத்துவதற்கு முன்னால் வெள்ளை வார்ப்புகளின் முன் உட்காரவைத்தன. திரையில் சுழற்றிப் பார்க்கும் முப்பரிமாண மென்பொருள்களையும் பயன்படுத்திப் பார்த்தேன். விளக்கின் திசையை மாற்றிப் பார்ப்பதற்கு நன்று, ஆனால் எதிரொளி பலவற்றில் தோராயமாகவே போடப்படுகிறது. அட்டையை மாற்றி நான் கற்றதை அங்கே கற்றிருக்க முடியாது.

தனித்தனி வடிவங்களாக வாங்க வழியிருந்தால் கோளம், முட்டை, உருளை, கூம்பு என்ற நான்கையும் எடுத்துக்கொண்டு மற்றவற்றை விட்டுவிடலாம். கனசதுரத்துக்கு எந்த வெள்ளை அட்டைப்பெட்டியும் ஈடுகொடுக்கும். கோளம் 8 செ.மீ. அகலத்துக்குக் குறையாமல் இருக்கட்டும். அதைவிடச் சிறியதில் எல்லையை ஒட்டிய சரிவு பென்சில் முனையின் அகலத்துக்குள் அடங்கிவிடும். பெட்டியைத் திறந்ததும், வரையத் தொடங்கும் முன்பே, கோளத்தை ஒற்றை விளக்கின் பக்கவாட்டில் பிடித்து மெல்ல ஒரு முழுச்சுற்றுச் சுழற்றிப் பாருங்கள். எல்லை எங்காவது நெளிந்தால் அங்கே தையற்கோடோ குழியோ இருக்கிறது, பென்சிலால் புள்ளி வைத்துக்கொண்டு அந்த இடத்தை மட்டும் உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள்.